'ஆட்' (add) போட மறந்த இரவு: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராக்களுக்கென்று புதிதாக வீலான் 40 (ஒரே ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்து வைக்கும் நெட்வொர்க்குக்கு வீலான் என்று பெயர்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்). கிடங்கில் இருக்கும் சிஸ்கோ ஸ்விட்சை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் அப்லிங்க் போர்ட்டில் ஏற்கெனவே வீலான் 10, 20, 30 போய்க்கொண்டிருந்தன; இப்படிப் பல வீலான்களைச் சுமக்கும் போர்ட்டை சிஸ்கோவில் ட்ரங்க் என்பார்கள். அதில் இதையும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வீட்டிலிருந்தே விபிஎன் வழியாக நுழைந்து, 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் வீலான் 40' என்று அடித்து என்டர் தட்டினேன். கர்சர் அப்படியே நின்றுவிட்டது. ஸ்விட்ச் உயிரோடு இருக்கிறதா என்று பிங் அடித்தால் பதிலில்லை. வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஆலை நாற்பது கிலோமீட்டர். ஸ்விட்சில் நேரடியாகச் சொருகிப் பார்க்கும் கன்சோல் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கும்போது சீனியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "சேவ் பண்ணிட்டியா?"

"இல்லண்ணே."

"அப்ப எதுக்கு வண்டியை எடுக்கறே? வாட்ச்மேன்கிட்ட சொல்லி ஸ்விட்சோட பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டச் சொல்லு."

மாட்டினார். சில நிமிடங்களில், கடைசியாகச் சேவ் செய்திருந்த பழைய ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கோடு ஸ்விட்ச் எழுந்து வந்தது.

மறுநாள் சிஸ்கோவின் கமாண்ட் ரெஃபரன்ஸ் கையேட்டை எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது. எண்ணை மட்டும் கொடுத்தால் பழைய பட்டியல் போய் இது மட்டும் நிற்கும்; நான் உள்ளே வந்த வழியும் அதோடு அறுந்திருக்கிறது. இருப்பதோடு சேர்க்க நடுவில் 'ஆட்' வேண்டும். நான் மேலே இருந்த சின்டாக்ஸ் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன். அதுகூட வேண்டாம், அடிக்கும்போது ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் ஸ்விட்சே சொல்லியிருக்கும்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன், எனக்கும் நடந்திருக்கிறது. என்னைக் கவிழ்த்தது 'ட்ரங்க்' என்ற சொல்லே. சிஸ்கோவில் பழகிய கையோடு எச்பியின் ப்ரோகர்வ் ஸ்விட்சுகள் பக்கம் போனேன். அங்கே ட்ரங்க் என்றால் இரண்டு மூன்று போர்ட்டுகளை ஒரே இணைப்பாகக் கட்டுவது. நாம் ட்ரங்க் என்று சொல்வதற்கு அங்கே 'டேக்ட்'. அதையும் வழக்கமாகப் போர்ட்டுக்குள் போய்ச் செய்வதில்லை. வீலானுக்குள் போய் 'டேக்ட் 24' என்று கொடுக்க வேண்டும். இது தெரியாமல் 23, 24 இரண்டையும் ட்ரங்க் ஆக்கினேன். அவை தம் பழைய வீலான்களை விட்டுவிட்டு ஒன்றாகச் சேர்ந்து டீஃபால்ட் வீலானில் போய் உட்கார்ந்துகொண்டன. அன்றிலிருந்து இரண்டு ரெஃபரன்ஸையும் பக்கத்தில் வைத்து, இதற்கு அது என்று ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மழையில் பாதி அழிந்துவிட்டது, அது வேறு கதை.

* * *

இந்தப் பதிவுக்கு என் பங்குக்கு ஒன்று: தூரத்து சிஸ்கோ ஸ்விட்சில் கை வைக்கும் முன் நான் 'ரீலோட் இன் 10' போட்டுவிடுவேன். வழி அறுந்தால் பத்து நிமிடத்தில் தானே ரீபூட் ஆகிப் பழையபடி வந்துவிடும்; நடுவில் சேவ் மட்டும் பண்ணிவிடக்கூடாது. வாட்ச்மேனை எழுப்ப வேண்டாம். ஜூனிப்பர் நிறுவன ஸ்விட்சுகளில் இதைவிட அழகாக 'கமிட் கன்ஃபர்ம்ட்' இருக்கிறது. அதற்கு ரீபூட்கூடத் தேவையில்லை, உறுதி செய்யாவிட்டால் பத்து நிமிடத்தில் கான்ஃபிக் மட்டும் பின்வாங்கிவிடும்.

ஒரு தடவை எல்லாம் சரியாக முடிந்தது. சேவும் பண்ணினேன். அந்த ரீபூட்டை நிறுத்தும் 'ரீலோட் கேன்சல்' மட்டும் அடிக்காமல் லாக்அவுட் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அன்று மாதக் கடைசி. திரும்பி வந்தபோது அக்கவுண்ட்ஸ்காரர்கள் மொத்தமாக என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.