பிள்ளையைப் பார்த்துக்கொண்டே புகைப்படத் தொழில்: மூன்று லட்சம் கடன் வாங்கலாமா?

பாலக்கோட்டு அப்பா

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டாவதாகப் பையன் பிறந்ததும் விட்டுவிட்டேன். மனைவி செவிலியர், டூட்டி மாறிக்கொண்டே இருக்கும். எனக்கும் இரவு ஷிப்ட் என்றால் பிள்ளைகளை யார் பார்ப்பது? பெரியவள் யு.கே.ஜி., சின்னவனுக்குப் பதினொரு மாதம். சமையல் முதல் தொட்டில் ஆட்டுவது வரை இப்போது என் பொறுப்புதான்.

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று இருக்கிறது. உறவுக்காரப் பிள்ளைகளைப் படமெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வீடுகளில் காசு கொடுத்தே கூப்பிட்டார்கள். இதையே தொழிலாக்கலாமா என்று யோசனை. மூன்று லட்சம் கடன் வாங்கி, ஃபுல் ஃபிரேம் கேமரா, இரண்டு லென்ஸ், விளக்குகள் வாங்கி, குழந்தைப் படங்களோடு கல்யாணமும் பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். அப்பாவோ, "பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுவது போதாதென்று கடன் வேறா?" என்கிறார். ஆறுதல் வேண்டாம், கணக்கோடு சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி ஸ்டூடியோக்காரர்

தம்பி, வேண்டாம்.

24 ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். ஃபிலிம் ரோல் காலத்தில் தொடங்கியவன். கல்யாணம் என்றால் முதல் நாள் மாலையே மண்டபத்தில் இருக்க வேண்டும், மறுநாள் விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம். உங்கள் மனைவிக்கு அன்று இரவு டூட்டி என்றால் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டா வருவீர்கள்? கெட்டிமேளம் யாருக்காகவும் காத்திருக்காது. எடுப்பது ஒன்றரை நாள். மூவாயிரம் படங்களில் பொறுக்கி, நிறம் திருத்தி, 12க்கு 36 அங்குலத் தாளில் ஆல்பம் அமைத்து, "பெரிய அத்தையைக் காணவில்லையே" என்று திரும்பி வந்ததை மறுபடி செய்து, பாக்கிப் பணத்துக்கு அலைவது இரண்டு மாதம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே கிடையாது. வங்கித் தவணை அந்த மாதங்களிலும் வரும்.

போன வருடம் இங்கே ஒரு பையன், வீட்டிலிருந்தே செய்கிறவன், என் விலையில் பாதிக்கு ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டான். ஒரே மெமரி கார்டு. அது கெட்டுப்போனது. முகூர்த்தப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெண்ணின் அப்பா என் கடையில் வந்து உட்கார்ந்து, "சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்ததையாவது ஆல்பமாக்கிக் கொடுங்கள்" என்று அழுதார். பாதி விலைக்காரர்களால் எங்கள் பிழைப்பும் கெடுகிறது, அப்படிப்பட்ட குடும்பங்களின் நல்ல நாளும் கெடுகிறது.

ஓசூர் அம்மா

அண்ணன் சொன்னது அத்தனையும் கல்யாணத்தைப் பற்றி. அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கேள்வியின் பாதியை விட்டுவிட்டார்.

நான் ஆறு ஆண்டுகளாகக் குழந்தைப் படம் மட்டும் எடுக்கிறேன். குழந்தை குளித்து, பால் குடித்து, தூங்கி எழுந்த நேரம்தான் இங்கே முகூர்த்தம். பெரும்பாலும் காலை பத்தரை. அப்போது என் மகள் பள்ளியில் இருப்பாள்.

விளக்கு ஒன்றுகூட வாங்கவில்லை. வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதுவே போதும், பெரும்பாலான மாதங்களில் நேர் வெயில் விழாது. வெயில் அடிக்கும் ஜன்னல் என்றால் ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டிவிடுவேன். ஒளி பால் போல இறங்கும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் கன்னத்து நிழல் கரைந்துவிடும். 50 எம்.எம். லென்ஸ், எஃப் 1.8, குறைந்த ஒளியிலும் எடுக்கும். அந்த விலைக்கு அவ்வளவு உழைக்கிற லென்ஸ் வேறு கிடையாது.

கருவியில் தவறியதைவிட மனிதரில் தவறியதுதான் அதிகம். தொடங்கிய புதிதில் ஒரு குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக் கணினியில் அழித்துக் கொடுத்தேன். அழகாகத்தான் இருந்தது. பாட்டி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலு பேர் பார்க்கப்போகிற படத்தில்தானே பொட்டு முக்கியம், அதைப் போய் எடுத்துவிட்டாயே" என்றார். இருபது படங்களிலும் பொட்டைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன்.

கிருஷ்ணகிரி ஸ்டூடியோக்காரர்

வேட்டியும் தெர்மோகோலும் சரி, அம்மா. மாதம் எத்தனை வருகிறது, எவ்வளவு நிற்கிறது? அதை எழுதுங்கள்.

ஓசூர் அம்மா

ஒளிக்க ஒன்றுமில்லை. மாதம் ஆறு. ஒன்றுக்கு 2,500 ரூபாய். பெட்ரோல், பிரிண்ட் போக 1,900 நிற்கும்.

கிருஷ்ணகிரி ஸ்டூடியோக்காரர்

ஆக 11,400. அதுவும் பெங்களூருச் சம்பளம் புழங்குகிற ஓசூரில், ஆறாவது ஆண்டில். தக்காளி விலை விழுந்த மாதத்தில் பாலக்கோட்டில் யார் 2,500 கொடுப்பார்? சரி, கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 6,500. மிச்சம் 4,900. பிள்ளை தூங்கிய பிறகு நடுராத்திரி வரை கண் எரிய உட்கார்ந்து படம் திருத்துவதற்குக் கூலி இது.

ஓசூர் அம்மா

அண்ணா, உங்கள் கணக்கு கடனைத்தான் வேண்டாம் என்கிறது, தொழிலை அல்ல. தம்பியிடம் கேமரா ஏற்கெனவே இருக்கிறது. மொட்டைக்குக் கிடா வெட்டி ஊரையே கூப்பிடுகிற வீட்டில் படத்துக்கு 2,500 இல்லாமலா போகும்?

கிருஷ்ணகிரி ஸ்டூடியோக்காரர்

கிடாவுக்கு ரொக்கம் கொடுப்பார்கள், படத்துக்குக் கடன் சொல்வார்கள். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

தருமபுரி கணக்கர்

முன்பணம் பாதி வாங்காமல் கேமராவைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. கடன் சொல்கிறவர்களுக்கு அதைத் தவிர மருந்து இல்லை.

வரவு செலவுக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் உண்டு. இருக்கிற கேமராவோடு ஒரு லென்ஸ், இரண்டு மெமரி கார்டு, படங்களை இரண்டு இடத்தில் சேமிக்க இரண்டு ஹார்டு டிஸ்க் எல்லாம் அதற்குள் அடங்கும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். பதிந்து தருகிறேன் என்று ஆயிரம் ரூபாய் கேட்கிறவரிடம் போகாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. அந்தக் கவலை வருகிற அளவுக்கு நீங்கள் வளர்ந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான்.

வங்கி இழுத்தடித்தால் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989இல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. அன்று கிருஷ்ணகிரியும் இதே மாவட்டம். எங்கள் வீட்டுக் கறவை மாடு அம்மாவின் குழுக்கடனில் வந்ததுதான்.

பாலக்கோட்டு அப்பா

மாமியார் ஒரு குழுவில் இருக்கிறார், சார். ஆனால் மாமியார் பெயரில் மருமகன் கடன் வாங்கினான் என்று தெரிந்தால் என் அப்பா ஊரைக் கூட்டிவிடுவார். சிசுவே போதும்.

பென்னாகரத்துக்காரி

இதுவரை யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். பச்சை உடம்புக்காரி படுத்திருக்கும் அறைக்குள் வேற்று ஆண் வந்து இரண்டு மணி நேரம் படமெடுப்பதை எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? என் மகனுக்குப் பெயர் வைத்த அன்று ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான். பிள்ளை பாலுக்கு அழுகிறான், அவர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கிறார், எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஓசூர் அக்காவுக்குத் திறக்கிற கதவு இந்த அண்ணனுக்குத் திறக்காது. அவர் வருமானக் கணக்கை வைத்து இவருக்குக் கணக்குப் போடாதீர்கள்.

பாலக்கோட்டு அப்பா

சுருக்கென்றது. ஆனால் மறுக்க முடியவில்லை, சகோதரி. பச்சைக் குழந்தைகள் பக்கமே போகமாட்டேன். உட்காரத் தொடங்கும் வயதிலிருந்து எடுக்கிறேன். மொட்டை, காதுகுத்து, முதல் பிறந்தநாள் வரைக்கும். அந்த வயதுப் பிள்ளையைச் சிரிக்கவைப்பதுதான் எனக்கு இப்போது முழுநேர வேலை.

ஓசூர் அம்மா

நல்ல முடிவு. பச்சைக் குழந்தைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். உள்ளங்கையில் தாடையை ஊன்றித் தூங்குவது போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரே படமல்ல. ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள ஒன்று, கையைப் பிடித்துக்கொள்ள இன்னொன்று என்று இரண்டாக எடுத்து, பிடித்த கைகளைப் பிறகு மறைத்து இணைப்பது. இது தெரியாமல் நிஜமாகவே கழுத்தை நிறுத்திப் பார்க்கிறவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கிருஷ்ணகிரி ஸ்டூடியோக்காரர்

வாடிக்கை பிடிக்க இன்ஸ்டாகிராமில் ஏற்றுவீர்கள்தானே? அதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். நாம் எடுத்த படம் நம் சொத்து, தாராளமாக ஏற்றலாம்.

தருமபுரி கணக்கர்

இங்கே தவறுகிறீர்கள், ஐயா. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் பாருங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதுவும் குழந்தையின் படம். விளம்பரத்துக்குப் பயன்படுத்தப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், முன்பண ரசீதிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

கிருஷ்ணகிரி ஸ்டூடியோக்காரர்

24 ஆண்டுகளாகக் கடை முகப்பில் ஊரான் கல்யாணப் படங்களை மாட்டி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. சரி, கேட்காதது அவர்கள் பெருந்தன்மை.

பாலக்கோட்டு அப்பா

இன்று காலை அக்கா சொன்னபடி செய்துபார்த்தேன். எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல்தான். அப்பாவின் வேட்டியைக் கட்டினேன், அவரைக் கேட்காமல். மாங்காய் ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றில் துண்டை மெத்தையாகப் போட்டுச் சின்னவனை உட்காரவைத்தேன். அவன் விளிம்பைப் பிடித்து எழுந்ததும் கிரேட் முன்பக்கம் சாய்ந்தது. நல்லவேளை, கை எட்டும் தூரத்தில் இருந்தேன். பிறகு அடியில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து, அதன்மேல் துண்டு போட்டேன், அசையவில்லை. நாற்பது படங்களில் நான்கு தேறின. ஒன்றில் மாங்காயைக் கடித்துவிட்டுப் புளிப்பில் ஒரு கண்ணை மூடியிருக்கிறான். அப்பா அதை அவருடைய செல்போனில் ஏற்றித் தரச் சொன்னார். வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று லட்சத்தை விட்டுவிட்டேன். கல்யாணத்தையும்.

கிருஷ்ணகிரி ஸ்டூடியோக்காரர்

தொழிலைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஓராண்டு கழித்துப் பார்ப்போம். கல்யாணத்தை விட்டதற்காக ஒன்று சொல்கிறேன். கடையில் பழைய 50 எம்.எம். லென்ஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டமிருக்காது. பையனையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

ஓசூர் அம்மா

பஸ் ஏறுவதற்கு முன் எந்த நிறுவன லென்ஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள், தம்பி. வேறு நிறுவனக் கேமராவில் அப்படியே பொருந்தாது.

கிருஷ்ணகிரி ஸ்டூடியோக்காரர்

நிக்கான்.

பாலக்கோட்டு அப்பா

என்னுடையது கேனான், அண்ணா.