சீன வான்வெளியில் 10,100 மீட்டர்: ஏ320-இல் எப்படி வைப்பது?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. விமான சிமுலேட்டரில் ஏர்பஸ் ஏ320நியோவை எடுத்துக்கொண்டு பேங்காக் சுவர்ணபூமியிலிருந்து பெய்ஜிங் கேப்பிடலுக்குப் போகிறேன். ஆன்லைனில், கன்ட்ரோலரோடு பேசிக்கொண்டுதான். லாவோஸ் வரை எஃப்எல்330 (33,000 அடி), எந்தத் தொந்தரவும் இல்லை. சீனாவின் குன்மிங் கன்ட்ரோல் வந்ததும் 10,100 மீட்டருக்கு ஏறச் சொன்னார்கள். உயரத்தை மீட்டரில் காட்டும் மெட்ரிக் ஆல்ட் பட்டனை அழுத்திவிட்டுக் குமிழைத் திருகினால், கீழ்த்திரையில் 10,060, அடுத்து 10,360 என்று தாவுகிறது. நடுவில் எதுவும் வரவே மாட்டேன் என்கிறது. உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லி மறுபடி கேட்கிறார்கள். ஆட்-ஆன் (சிமுலேட்டரில் தனியாகச் சேர்த்த விமான மென்பொருள்) கோளாறா? விமானம் பறந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம்!

பதில்:
கோளாறு இல்லை. உயரக் குமிழைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், ஒரு திருகலுக்கு எத்தனை அடி மாற வேண்டும் என்று 100, 1000 போட்டிருக்கும். உங்களுடையது 1000-இல் இருக்கிறது. 100-க்கு மாற்றி 33,100 வையுங்கள். நூறு அடிதானே, வி/எஸ் (ஏறும் வேகம்) நிமிடத்துக்கு 500 அடி போதும்.

கேட்டவர்:
வந்துவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் திரையில் 10,090 என்று நிற்கிறது. 33,200 ஆக்கிவிடவா?

பதில்:
வேண்டாம், தொடாதீர்கள். சீனாவில் அனுமதி மீட்டரில் வரும், பறப்பது அடியில். 10,100 மீட்டர் என்பது 33,136 அடி. அதை நூறுக்கு முழுதாக்கினால் 33,100. 2007 நவம்பரில் அங்கே ஆர்விஎஸ்எம் (மேல்மட்டங்களில் விமானங்களுக்கிடையே உயர இடைவெளியைக் குறைக்கும் முறை) வந்ததிலிருந்து இதற்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது, அதைத்தான் நம்ப வேண்டும். திரையில் தெரியும் மீட்டர் சற்று முன்பின் இருக்கும், 30 மீட்டரைத் தாண்டாது. கிழக்கு நோக்கிப் போகும்போது 9,500 மீட்டருக்கு 31,100 அடி, 10,700-க்கு 35,100, 11,300-க்கு 37,100. மேற்கே திரும்பி வரும்போது 9,800-க்கு 32,100, 10,400-க்கு 34,100, 11,000-க்கு 36,100. ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவும் கஜகஸ்தானும் 2011-லேயே மேல்மட்டங்களில் அடிக்கு மாறிவிட்டன, அதனால் இப்போது இந்தப் பழக்கம் முக்கியமாகத் தேவைப்படுவது சீனாவில்தான்.

இன்னொரு பதில்:
பாரோ (உயரமானியின் அழுத்த அமைப்பு) எஸ்டிடி-யில் (பொதுத் தர அழுத்தம்) இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். கியூஎன்எச்-இல் (அந்தந்த இடத்தின் அழுத்தம்) விட்டிருந்தால் 33,100 வைத்தாலும் கன்ட்ரோலர் திரையில் வேறு உயரம்தான் தெரியும்.

கேட்டவர்:
எஸ்டிடி-யில்தான் இருக்கிறது. இப்போது அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இறங்கும்போதும் இதே கணக்குதானா?

பதில்:
இதே கணக்குதான், ஆனால் அங்கேதான் வேலை அதிகம். பெய்ஜிங்கில் வழக்கமாக டிரான்சிஷன் லெவல் (எஸ்டிடி-யிலிருந்து கியூஎன்எச்-க்கு மாறும் மட்டம்) 3,600 மீட்டர், அதாவது 11,800 அடி. அதற்குக் கீழே இறங்க அனுமதி கொடுக்கும்போது சொல்லும் கியூஎன்எச்-ஐ உடனே போடுங்கள். அப்புறம் 3,000-க்கு 9,800, 2,100-க்கு 6,900, 1,200-க்கு 3,900. அப்ரோச்சில் அடுத்தடுத்து உயரம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், வளையத்தை 100-லேயே விட்டுவிடுங்கள்.