புள்ளி முந்திப் போகுது, அனுப்பின கடிதம் ஆங்கிலமாத் தெரியுது: டைப்ரைட்டர் பழகின கைக்கு உதவி தேவை

புதுக்கடை அக்கா:

வணக்கம். 31 வருசமா கொழும்பு புதுக்கடையில ஒரு சட்டத்தரணி ஐயாவிட்ட டைப் அடிக்கிறன். காணி உறுதி, சத்தியக்கடதாசி, அற்றோணித் தத்துவம் எல்லாம் தமிழ் டைப்ரைட்டரிலதான் அடிச்சனான். போன மாசம் மெசினில ரிப்பன் சுத்துறது நிண்டு போச்சு. முந்தித் திருத்தித் தாற ஐயாவும் இப்ப இல்லை. அதால கந்தோருக்குக் கொம்பியூட்டர் வந்திட்டுது. பாமினி எழுத்துருவும் போட்டுத் தந்திருக்கினம்.

எழுத்துகள் அநேகமாப் பழைய இடத்திலதான் இருக்கு. வகுப்பில பழகின 'யளனகபக' இப்பவும் விரலுக்குத் தானா வருது. ஆனா ரெண்டு பிரச்சினை.

ஒண்டு, 'தமிழ்' எண்டு அடிச்சா 'திம்ழ' எண்டு வருது. 'கல்வி' எண்டு அடிச்சா 'க்லிவ'. ஒரு பக்கம் அடிச்சு முடிக்க, திருத்த அரை மணித்தியாலம் போகுது.

மற்றது, வவுனியாவில இருக்கிற ஒரு கட்சிக்காரருக்குக் கடிதத்தை மின்னஞ்சலில அனுப்பினன். அவற்ற போனில முழுக்க ஆங்கில எழுத்தாத் தெரியுதாம். "அக்கா, இது என்ன பாசை?" எண்டு கேட்டார். எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்லை. என்ர கையால போற கடதாசி ஒரு நாளும் அப்பிடித் திரும்பி வந்ததில்லை.

தெரிஞ்ச ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை தம்பி:

அக்கா, ரெண்டாவதுக்கு நான் பதில் சொல்றன். கொமினிகேசன் கடை வச்சிருக்கிறன், கிழமைக்கு நாலு பேராவது இதே பிரச்சினையோட வருவினம்.

பாமினியில நீங்க 'தமிழ்' எண்டு அடிக்கேக்க கொம்பியூட்டருக்குள்ள சேருறது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி எண்ட ஆங்கில விசைகள்தான். பாமினி அதுக்கு மேல தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுது. அந்த எழுத்துரு இல்லாத போனுக்குப் போனா முகம் கழண்டு உள்ள இருக்கிறது தெரியும். உங்கட கடிதத்தில பிழை இல்லை அக்கா.

இனி அடிக்கிறதை யுனிகோட்டில, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில, அடியுங்க. எ-கலப்பை எண்ட மென்பொருளில பாமினி விசை அமைப்பு இருக்கு. விசைகள் நீங்க பழகின இடத்திலயே இருக்கும், உள்ள சேருறது உண்மையான தமிழ் எழுத்தா இருக்கும். எந்தப் போனிலயும் தெரியும்.

ஏற்கனவே பாமினியில அடிச்சதை இணையத்தில இருக்கிற எழுத்துரு மாற்றியில போட்டு மாத்தலாம். ஆனா ஒரு கவனம், உங்கட வேலைக்கு இது முக்கியம். பழைய அடையாள அட்டை இலக்கத்தில 9 இலக்கத்துக்குப் பிறகு 'வி' எண்ட ஆங்கில எழுத்து வரும் தானே? பாமினியில அந்தப் பெரிய 'வி' விசைக்கு எழுத்து 'ஏ'. அந்த எழுத்துரு மாற்றி அதை ஆங்கிலம் எண்டு விளங்கிக்கொள்ளாம 'ஏ' எண்டு மாத்திப் போடும். 'எக்ஸ்' வந்தா 'ஓ' ஆகும். ஒரு அம்மாவின்ர விண்ணப்பம் என்ர கடையிலயே இப்பிடிப் பிழைச்சுது. அண்டையிலிருந்து அடையாள அட்டை இலக்கத்தை மூலத்தோட வச்சு விரலால தொட்டுத் தொட்டுப் பார்க்கிறன். உறுதி எண்டா கட்டாயம் பாருங்க.

வெள்ளவத்தை வாசகன்:

என்னைக் கேட்டால் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுவதுதான் நல்லது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுத்தான். புள்ளி தானாகவே விழும். இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 1326:2008இல் இருப்பது ரெங்கநாதன் விசைப்பலகை, அதையும் பார்க்கலாம். ஆனால் புதிதாகப் படிப்பதென்றால் நான் தமிழ்99ஐத்தான் சொல்வேன்.

புதுக்கடை அக்கா:

தம்பி, மிச்சம் நன்றி. எ-கலப்பை போட்டாச்சு, வவுனியாக்காரருக்கும் கடிதம் தமிழாப் போய்ச் சேர்ந்திட்டுது. வாசகன், நீங்க சொல்றது நல்லதுதான், ஆனா நாளைக்கும் கந்தோரில உறுதி அடிக்க வேணும். யளனக-வை மறந்து முதல்ல இருந்து தொடங்க எனக்கு நேரம் இல்லை. புள்ளிப் பிரச்சினை அப்பிடியே இருக்கு. நான்தான் ஏதோ மாறி அடிக்கிறனோ?

ஓய்வுபெற்ற தட்டெழுத்து ஆசிரியர்:

பிள்ளை, நீங்கள் மாறி அடிக்கவில்லை. மெசினில் எப்படி அடிக்க வேண்டுமோ அப்படியேதான் அடிக்கிறீர்கள். பம்பலப்பிட்டியில் பல வருசம் வகுப்பு நடத்தியவன் நான். 'திம்ழ' என்பதைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர் போன முத்தையா. 247 எழுத்துக்கும் ஒவ்வொரு விசை வைக்க முடியாது. அதனால் புள்ளி, விசிறி (கி, மி என்பவற்றில் மேலே வரும் குறி) போன்றவற்றை நகரா விசைகளாக வைத்தார். அந்த விசையைத் தட்டினால் குறி தாளில் விழும், தாளைக் கொண்டுபோகும் வண்டி நகராது. அடுத்து எழுத்தைத் தட்டினால் அது அதே இடத்தில் குறிக்குக் கீழே வந்து விழுந்து, பிறகுதான் வண்டி நகரும். ஆகவே மெசினில் 'ழ்' அடிக்க முதலில் புள்ளி, பிறகு ழ. 'மி' அடிக்க முதலில் விசிறி, பிறகு ம. உங்கள் கை த, விசிறி, ம, புள்ளி, ழ என்று போகிறது. தாளில் அது 'தமிழ்'. கொம்பியூட்டரோ குறியை முன்னால் வந்த எழுத்தோடு சேர்க்கும். த-வோடு விசிறி, ம-வோடு புள்ளி, மிச்சம் ழ தனியே. அதுதான் 'திம்ழ'.

இதற்கு மருந்து உங்கள் பேனாவில் இருக்கிறது. கையால் 'ழ்' எழுதும்போது என்ன செய்கிறீர்கள்? ழ எழுதிவிட்டுத்தானே மேலே புள்ளி வைக்கிறீர்கள்? கொம்பியூட்டர் கேட்பதும் அந்த ஒழுங்கைத்தான். வண்டி நகர்வதால் மெசினுக்கு மட்டும் தலைகீழாகப் பழகவேண்டி வந்தது. நீங்கள் புதிதாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை, முதலாம் வகுப்பில் பழகியதற்குத் திரும்புகிறீர்கள்.

ஒரு கிழமைக்குக் காலையில் பதினைந்து நிமிடம் இதைச் செய்யுங்கள். க் ச் ட் த் ப் ற், பிறகு கி சி டி தி பி றி. வேகம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் "எழுத்து, புள்ளி", "எழுத்து, விசிறி" என்று சொல்லிச் சொல்லி அடியுங்கள். அது சரியானபின் அப்பா, தம்பி, சட்டத்தரணி, சத்தியக்கடதாசி. கொம்பு மட்டும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். 'கெ' இரண்டு விதமாகவும் அடித்துப் பார்த்து, எது சரியாக வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மெசினில் மணி அடித்ததும் வண்டியைத் தள்ளுவதுபோல ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டுகிறீர்களா? தட்டாதீர்கள். வரி தானாக மடியும். பந்தி முடியும்போது மட்டும் தட்டுங்கள். இல்லாவிட்டால் எழுத்தின் அளவை மாற்றும்போது வரிகள் எல்லாம் உடைந்துபோகும்.

புதுக்கடை அக்கா:

சேர், வாசிச்ச உடன ஒரு பழைய கொப்பியை எடுத்து 'ழ்' எண்டு எழுதிப் பாத்தன். ழ, பிறகு புள்ளி. 31 வருசமா மற்றப் பக்கம் அடிச்சிருக்கிறன், ஒருநாளும் யோசிக்கேல்லை. என்டரும் ஒவ்வொரு வரிக்கும் தட்டினதுதான், அதையும் விட்டிட்டன்.

புதுக்கடை அக்கா (ஒன்பது நாளுக்குப் பிறகு):

இண்டைக்கு ரெண்டு பக்கச் சத்தியக்கடதாசி ஒண்டு அடிச்சன். புள்ளி முழுக்கச் சரி. விசிறி மூண்டு இடத்தில முந்திப் போச்சு, மூண்டும் 'வி'. 'கெ'க்கு எனக்குக் கொம்பை முதல்ல அடிச்சாச் சரியா வருது. தம்பி சொன்னமாதிரி அடையாள அட்டை இலக்கத்தை விரல் வச்சுப் பாத்தன். ஐயா வாசிச்சுப்போட்டு ஒண்டும் சொல்லாமக் கையெழுத்து வச்சார். நாளைக்குக் காலமை 'வி' மட்டும் அடிக்கப்போறன்.