உதவி தேவை: காணி வேலைக்கும் காட்டுப்பாதைக்கும் ஹொண்டா ரான்சர் 420-ஆ, யமஹா கோடியாக் 450-ஆ?

காணிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். அண்ணாவும் நானும் சேர்ந்து ஒன்ராறியோ மாகாணத்தின் பான்கிராஃப்ட் பக்கம் ஒரு காட்டுக்காணி வாங்கியிருக்கிறோம். முழுக்க மேப்பிள் மரமும் பாறையும்தான். வீடு மேட்டில் இருக்கிறது. விழுந்த மரங்களும் வெட்ட வேண்டிய மரங்களும் கீழே ஓடைப் பக்கம் கிடக்கின்றன. அந்த விறகைச் சிறிய டிரெய்லரில் மேலே இழுக்க ஒரு ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும், மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி உள்ள நான்கு சக்கர வண்டி) வேண்டும். பனிக்காலத்தில் வாசல் பாதையைத் துப்புரவாக்க வேண்டும். நேரம் கிடைத்தால் ஹேஸ்டிங்ஸ் ஹெரிடேஜ் டிரெயில் என்ற பொதுப் பாதையில் ஓட வேண்டும் என்றும் ஆசை. மகனுக்கு 14 வயது, அவனையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக இரண்டு வண்டியில் வந்து நிற்கிறேன். ஒன்று ஹொண்டா ரான்சர் 420, பொத்தானால் கியர் மாற்றுவது, பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே அச்சு. மற்றது யமஹா கோடியாக் 450, பவர் ஸ்டியரிங்கோடு. என் மனம் ஹொண்டா பக்கம் சாய்கிறது, ஏனென்றால் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக அதில் பெல்ட் இல்லை, பல்சக்கரம்தான்; யமஹாவில் பெல்ட். நடுக்காட்டில் பெல்ட் அறுந்தால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. கடையில் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

மேப்பிள் மாமா:
தம்பி, இரண்டும் ஒன்றில்லை. பெல்ட்டைப் பிறகு பார்ப்போம், முதலில் இழுவையைப் பாருங்கள். ரான்சர் 420-க்கு நிறுவனம் கொடுத்திருக்கும் அளவு 385 கிலோ. கோடியாக் 450-க்கு 600 கிலோ. கோடியாக்கின் பெயரில் 450 இருந்தாலும், எஞ்சின் அளவில் இரண்டும் 420 சிசி அளவுதான். ஆனால் உங்கள் வேலைக்கு இந்த 215 கிலோ வித்தியாசம் பெரியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 அடி உயரம், 8 அடி நீளம், 16 அங்குலத் துண்டுகளாக அடுக்கினால் அதை இங்கே ஃபேஸ் கார்ட் என்பார்கள். அன்றைக்கே வெட்டிய பச்சை மேப்பிள் என்றால் அது சுமார் 700 கிலோ வரும். நன்றாகக் காய்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் குறையும். 385, 600 என்ற அளவுகளில் டிரெய்லரின் சொந்த எடையும் அடக்கம், அதை மறக்க வேண்டாம். 100 கிலோ டிரெய்லர் என்றால் ரான்சரில் 285 கிலோ விறகுதான் ஏற்றலாம். கோடியாக்கில் 500. அதுவும் ஏற்றம் இறக்கம் உள்ள நிலத்தில் இன்னும் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

ரான்சர் இழுக்காது என்று சொல்லவில்லை. இழுக்கும். அளவுக்கு மேலே ஏற்றினாலும் இழுக்கும், ஆபத்தே அதுதான். இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னால் இருந்து வண்டியைத் தள்ளும்போதுதான் அந்த அளவு எதற்கென்று விளங்கும்.

காணிக்காரன்:
நன்றி அண்ணா. டிரெய்லர் எடையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அப்ப பெல்ட்? பாரம் கூடக்கூட அதற்குத்தானே பாடு?

வடக்குப்பாதை:
பெல்ட் பயம் எனக்கும் இருந்தது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யமஹாவில் எஞ்சினுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் எண்ணெயில் ஓடும் ஒரு கிளட்ச் இருக்கிறது. வண்டி புறப்படும்போது வழுக்குகிற வேலையை அந்தக் கிளட்ச் எடுத்துக்கொள்ளும். பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே நிற்கும். வேறு பல வண்டிகளில் பெல்ட்டே வழுக்கித்தான் புறப்பட வேண்டும், அங்கேதான் சூடேறித் தேயும். இன்னொரு நன்மையும் உண்டு. இறக்கத்தில் வேகம் கூட்டும் விசையிலிருந்து விரலை எடுத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டிருந்தால் நான்கு சக்கரமும் பிடிக்கும். ஓடைக்கு இறங்கும் உங்கள் பாதைக்கு இது மிகவும் தேவை.

பெல்ட்டைக் கெடுக்கிற பழக்கம் ஒன்று உண்டு. ஹை கியரில் போட்டுக்கொண்டு பாரத்தோடு ஊர்ந்து போவது. விறகு இழுக்கும்போதும் பனி தள்ளும்போதும் லோ கியரில் போடுங்கள், அவ்வளவுதான். ஆழமான தண்ணீருக்குள் இறக்க வேண்டாம். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும். அப்படிப் போய்விட்டால் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி வடித்துவிட்டு, காய்ந்த பிறகு ஓட்டுங்கள்.

ஹொண்டாவின் பல்சக்கரப் பெட்டி நல்ல உறுதியானது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கிளட்சும் கியரும் எஞ்சின் எண்ணெயிலேயே ஓடுகின்றன. பாரம் இழுக்கிற வண்டிக்கு எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. ஏற்றத்துக்கு எந்தக் கியர் என்று அடிவாரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பாதி மேட்டில் பாரத்தோடு மாற்றினால் வண்டி தயங்கும்.

கருங்கல் சுப்பையா:
நான் ஒரே அச்சு வண்டிதான் வைத்திருக்கிறேன், அதன் பக்கமும் யாராவது பேச வேண்டும். பின்பக்கச் சாமான் தட்டில் பாரம் ஏற்றினாலும் அதிகம் பதியாது. சரிவில் குறுக்கே போகும்போது உடல் சாய்வது குறைவு. அசையும் பாகங்கள் குறைவு, அதனால் செலவும் குறைவு. சமதரைத் தோட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரான்சர் என்பேன்.

ஆனால் பான்கிராஃப்ட் பக்கம் நிலமே கனேடியக் கேடயம் என்கிற மிகப் பழைய கடினமான பாறை. ஒரே அச்சில் நடுப்பகுதி தாழ்ந்து இருப்பதால் மேட்டுக் கல்லில் அதுதான் முதலில் முட்டும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் முழு அச்சும் தூக்கும், முதுகு சொல்லும். கோடியாக்கில் பின் சக்கரம் தனித்தனியாக ஏறி இறங்கும். ஹெரிடேஜ் டிரெயில் பழைய ரயில் தடம், சமமானது, அதில் எதுவும் ஓடும். அதிலிருந்து பிரியும் கிளைப் பாதைகளில்தான் வித்தியாசம் தெரியும். பவர் ஸ்டியரிங்கை விட வேண்டாம். கல்லில் அடிபட்டுக் கைப்பிடி திரும்பும்போது மணிக்கட்டைக் காப்பாற்றுவது அதுதான்.

தாரணி:
வண்டியைப் பற்றி அண்ணாமார் சொல்லிவிட்டார்கள். நான் மகனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் அதைத் தொடவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு வண்டியும் ஒருவருக்கு மட்டும் செய்தவை. அந்த நீளமான இருக்கை இரண்டாம் ஆளுக்கு இல்லை. ஓட்டுகிறவர் மேட்டில் முன்னுக்கும் வளைவில் பக்கத்துக்கும் உடலை நகர்த்தி வண்டியைச் சமநிலையில் வைக்கத்தான். பின்னால் ஒருவர் இருந்தால் ஏற்றத்தில் வண்டி பின்பக்கமாகவே கவிழலாம். தயவுசெய்து ஏற்ற வேண்டாம்.

அவன் தானே ஓட்டலாமா என்றால், இந்த அளவு வண்டிகளில் 16 வயதுக்குக் கீழ் ஓட்டக் கூடாது என்று நிறுவனமே ஒட்டி வைத்திருக்கிறது. ஒன்ராறியோவில் பொதுச்சாலையில் ஓட்ட 16 வயதும் குறைந்தது ஜி2 அல்லது எம்2 லைசென்ஸும் (காருக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ உள்ள இடைநிலை உரிமம்) வேண்டும். உங்கள் காணிக்கு வெளியே போவதென்றால் வண்டிக்குப் பதிவு, இலக்கத்தகடு, காப்புறுதி, தலைக்கவசம் எல்லாம் கட்டாயம். ஹெரிடேஜ் டிரெயிலுக்குத் தனி அனுமதிச்சீட்டும் எடுக்க வேண்டும். மகனோடு சேர்ந்து போவதுதான் முக்கியம் என்றால் போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் டூரிங் 570 போல இருவருக்கென்றே செய்த வண்டியைப் பாருங்கள். அதில் பின்னால் தனி இருக்கை, கைப்பிடி, கால் வைக்கும் இடம் எல்லாம் உண்டு.

காணிக்காரன்:
அக்கா, நல்ல வேளை சொன்னீர்கள். வீட்டிலும் கதைத்தோம். விறகும் பனியும்தான் முதல் தேவை, அதனால் கோடியாக் 450 என்று முடிவு. மகனைப் பின்னால் ஏற்றுவதே இல்லை, பதினாறு ஆகும்வரை அவனை ஓட்டவும் விடுவதில்லை, டிரெயிலுக்கு நான் தனியாகவே போவேன். இனி ஒரு கேள்விதான். பனி தள்ள வண்டிக்கு முன்னால் பூட்டும் தட்டு 54 அங்குலமா, 60 அங்குலமா?

மேப்பிள் மாமா:
60 எடுங்கள். பனியை ஒரு பக்கம் ஒதுக்கத் தட்டைச் சாய்த்துத்தானே தள்ளுவீர்கள்? 30 பாகை சாய்த்தால் 60 அங்குலத் தட்டு 52 அங்குலம்தான் மறைக்கும். 54 என்றால் 47 அங்குலத்துக்கு இறங்கிவிடும். வண்டியின் அகலமே சுமார் 46. ரயர் தள்ளாத பனியின் மேல் ஏறிவிடும்.

வண்டியின் பின்பக்கச் சாமான் தட்டில் மணல் மூட்டை ஒன்று கட்டிவையுங்கள், பின் ரயர் பிடிக்கும். அந்தச் சாமான் தட்டு 80 கிலோ தாங்கும். முதல் பனி குறைவுதானே என்று பாதையோரத்தில் குவித்து வைக்காமல் இரு பக்கமும் தூரத் தள்ளிவிடுங்கள். ஓரம் உறைந்து இறுகிய பிறகு 60 அங்குலத் தட்டாலும் அசைக்க முடியாது, மார்ச் வரை ஒடுங்கிய பாதையில்தான் காரை எடுக்க வேண்டி வரும்.