கலைச்சொல் தேவை: ஹார்ம் ரிடக்‌ஷன், ஓவர்டோஸ், ஓபியாய்டு (வெள்ளிக்குள்)

வதனி, ஸ்காபரோ

அன்புள்ள எல்லோருக்கும்,

நலோக்சோன் (அபினி வகை மருந்து கூடி மூச்சு அடங்கும்போது உயிர் காக்கக் கொடுக்கும் மருந்து) பெட்டியோடு கொடுக்கும் ஆங்கிலத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கும் வேலை என் கையில் இருக்கிறது. இரண்டே பக்கம்தான், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். கனடாவில், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2016 முதல் மருந்தகங்களில் இந்தப் பெட்டியைக் காசில்லாமல் தருகிறார்கள். கேட்டு வாங்க வரும் தமிழ்ப் பெற்றோர் மிகச் சிலர்தான். "எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

வாசிக்கப்போகிறவர் பதின்ம வயதுப் பிள்ளையின் தாயாக இருக்கலாம், பகலில் வீட்டில் இருக்கும் அம்மம்மாவாகவும் இருக்கலாம். அவர்களுக்கு விளங்கவேண்டும். ஹார்ம் ரிடக்‌ஷன், ஓவர்டோஸ், ஓபியாய்டு ஆகிய மூன்றுக்கும் சொல் வேண்டும். இப்போதைக்குத் தீங்கு குறைப்பு, அளவு மீறல், அபினி வகை மருந்து என்று போட்டு வைத்திருக்கிறேன். போதைப்பொருள் எடுப்பவரைப் 'பாவிப்பவர்' என்று எழுதியிருக்கிறேன்.

இளங்கோ, கோவை

வதனி அக்கா, 'அபினி வகை மருந்து' சொல் இல்லை, விளக்கம். கலைச்சொல் என்றால் அதிலிருந்து பெயரடை பிறக்கவேண்டும், கூட்டுச்சொல் பிறக்கவேண்டும். ஆங்கிலச் சொல்லின் ஈறு கிரேக்கத்தில் 'வடிவம்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருகிறது. அபினியின் வடிவை ஒத்தது என்பதுதான் கருத்து. நம் இலக்கணத்தில் இதற்குச் சொல் ஆயத்தமாக இருக்கிறது: போலி. பந்தல் பந்தர் ஆனால் அது கடைப்போலி. எனவே 'அபினிப்போலி' என் முன்மொழிவு. ஸ்டீராய்டு, ஆல்கலாய்டு என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் இதே ஈற்றைப் பயன்படுத்தலாம்.

புலவர் மாணிக்கம், தஞ்சாவூர்

தம்பி இளங்கோ சொல்லும் முறை செம்மையானது. ஆனால் அடிச்சொல்லையும் பார்க்கவேண்டும். அபினி நம் சொல்லன்று. கிரேக்கத்தில் 'ஒபோஸ்' என்றால் சாறு. கசகசாக் காயைக் கீறினால் வடியும் பாலுக்கு அதிலிருந்து பெயர் வந்தது. அது அரபியில் அஃப்யூன் ஆயிற்று. வடமொழியார் அந்த ஒலியைத் தம் காதுக்கேற்ப அகிபேனம் என்று ஆக்கிக்கொண்டு, அகி என்றால் பாம்பு, பேனம் என்றால் நுரை, ஆகவே பாம்பின் நுரை என்று பொருளும் சொன்னார்கள். ஒலி முன்னே வந்தது, பொருள் பின்னே ஒட்டியது. நாம் அந்த வழியில் போகவேண்டாம். காய்ப்பால் என்ற நல்ல தமிழ்ச் சொல்லை எடுத்து, 'காய்ப்பாலனை' என்று ஆக்கலாம். 'அனைய' என்பது உவமப் பொருள் தருவது, சங்கப் பாட்டில் எங்கும் காணலாம்.

'தீங்கு குறைப்பு' என்பதில் ஒற்று விடுபட்டிருக்கிறது. தீங்கு என்பது மென்றொடர்க் குற்றியலுகரம். குரங்குக்குட்டி, பாம்புத்தோல் போலத் தீங்குக்குறைப்பு என்றே வரவேண்டும்.

சிவநேசன், ஸ்காபரோ (மருந்தாளர்)

இளங்கோ தம்பி, 'போலி' வேண்டாம், தயவுசெய்து.

இங்கே தெருவில் விற்கிற குளிசைகளில் (மாத்திரைகளில்) பெரும் ஆபத்தே போலிக் குளிசைதான். ஒக்ஸிகோடோன் என்ற வலிக் குளிசை மாதிரியே நிறம், மேலே அதே இலக்கம், ஆனால் உள்ளுக்குள் ஃபென்டனில். துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அதைப் பற்றி எச்சரிக்கிற பந்தி இருக்கிறது. முதற் பக்கத்தில் அபினிப்போலி என்று போட்டு, இரண்டாம் பக்கத்தில் போலிக் குளிசை என்று போட்டால், வாசிக்கிற தாய் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுப்பா. டொக்டர் எழுதித் தந்த மோர்ஃபினையும் போலி மருந்து என்று நினைப்பா. கடைப்போலி முதற்போலி படித்தவருக்குத்தான் உங்கள் சொல் விளங்கும்.

ஐயா சொன்ன காய்ப்பாலும் சரிவராது. ஃபென்டனிலில் கசகசாச் செடியின் ஒரு துளியும் இல்லை. 1960 வாக்கில் பெல்ஜியத்தில் போல் ஜான்சன் ஆய்வுகூடத்தில் செய்த மருந்து அது. மோர்ஃபினை விட ஏறக்குறைய நூறு மடங்கு வலு. இப்போது பிள்ளைகளைக் கொல்வது பெரும்பாலும் அதுதான்.

மரு. கவிதா, சென்னை

சிவநேசன் அண்ணா சொல்வது சரி. எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதை வைத்து இந்த மருந்துகளை வகைப்படுத்துவதில்லை, உடம்பின் உயிரணுக்களில் எந்த ஏற்பியில் (ரிசப்டரில்) போய் உட்காருகிறது என்பதை வைத்துத்தான். அபினியிலிருந்து நேரடியாக எடுப்பவற்றுக்கு ஓபியேட் என்று பெயர், ஆய்வகத்தில் செய்தவற்றையும் சேர்த்துச் சொல்லும்போது ஓபியாய்டு. நம் மூளையே இந்த வகைப் பொருளைச் சுரக்கிறது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் அதைக் கண்டறிந்தார்கள். மூளைக்குள் சுரப்பதைக் காய்ப்பால் என்று சொல்ல முடியுமா, ஐயா?

இன்னொன்று. சென்னையில் எங்களிடம் வரும் பையன்கள் ஓபியாய்டு என்றோ அபினி என்றோ சொல்வதில்லை. 'வலி மாத்திரை', 'போதை ஊசி' என்பார்கள். வலிக்கான மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் இருக்கும் மாவுப்பொருள் கரையாமல் நரம்பை அடைத்துக்கொள்ளும். கை வீங்கி, சீழ் பிடித்து வருகிறவர்களைப் பார்க்கிறோம். டிராமடால் என்ற வலி மாத்திரை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. அதற்குப் பிறகு டேபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரையின் பேச்சு அதிகம். இந்தப் பையன்களின் அம்மாவிடம் அபினி என்றால், "எம் பையன் அதெல்லாம் தொடமாட்டான் டாக்டர்" என்பார். அவர் சொல்வது உண்மையும்கூட. அபினியை அவன் பார்த்ததே இல்லை.

என் வாக்கு 'ஓபியாய்டு' என்றே எழுதுவதற்கு. முதல் முறை வரும் இடத்தில் "மோர்ஃபின், ஹெராயின், ஃபென்டனில், சில வலி மாத்திரைகள்" என்று பெயர் சொல்லிவிடுங்கள்.

இளங்கோ, கோவை

போலி பற்றிய மறுப்பை ஏற்கிறேன். பின்வாங்குகிறேன். ஆனால் 'ஓபியாய்டு' என்று ஒலிபெயர்ப்பதை ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவசரம், வெள்ளிக்கிழமை அச்சு என்று சொல்லித்தான் ஒரு துறை முழுவதையும் ஒலிபெயர்ப்பில் விட்டுவிடுகிறோம். பத்தாண்டு கழித்து மாணவன் ஒருவன் இந்தத் துறையைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் அவனுக்கு வினைச்சொல் மட்டும்தான் தமிழில் மிஞ்சும்.

முருகவேள், கிள்ளான்

வணக்கம். மலேசியாவில் 2005இல் மெத்தடோன் (ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மருந்து) திட்டம் தொடங்கியது, 2006இல் ஊசி மாற்றித் தரும் திட்டம். அந்த நாளிலிருந்து களத்தில் போய்வருகிறேன். எங்களுக்குப் பெரிய சிக்கல் ஓபியாய்டு அல்ல, 'பாவிப்பவர்'தான்.

வதனிக்கா, இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ச் சனத்துக்குத் தெரியாது. போதைப்பொருள் பாவிப்பவர் என்று படித்தால் பாவி என்றுதான் காதில் விழும். ஏற்கெனவே கோயிலிலும் வீட்டிலும் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் அவர்கள். மருந்து கொடுக்கப் போகிற நாமும் அதையே கையில் நீட்டக்கூடாது.

புலவர் மாணிக்கம், தஞ்சாவூர்

பாவித்தலும் பாவியும் வேறு வேறு வேர். முன்னதில் வரும் 'பா' வடமொழியில் அழுத்தி ஒலிக்கும், பின்னது பாபத்திலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாமல் போனது. இரண்டையும் விட்டு 'நுகர்வோர்' எனலாமே.

வதனி, ஸ்காபரோ

நுகர்வோர் என்றால் பொருள் வாங்குகிறவர் என்றாகிவிட்டது, ஐயா. நுகர்வோர் நீதிமன்றம் என்கிறோம். இங்கே பாவிப்பவர் என்பது அன்றாடச் சொல்: பாவித்த கார், பாவித்த உடுப்பு. ஸ்காபரோவில் யாருக்கும் பாவி நினைவு வராது. ஆனாலும் முருகவேள் சொன்னது மனதில் நிற்கிறது. 'எடுப்பவர்' என்று மாற்றுகிறேன். மருந்து எடுப்பது இங்கேயும் அங்கேயும் ஒரே மாதிரிப் புழங்குகிறது. 'போதைக்கு அடிமையானவர்' துண்டறிக்கையில் எங்கும் வராது, அதை முதலிலேயே நீக்கிவிட்டேன்.

இனித் தலைப்புக்கு வாருங்கள். தீங்கு குறைப்பா, வேறு ஏதுமா?

புலவர் மாணிக்கம், தஞ்சாவூர்

'ஊறு தணிப்பு'. ஊறு என்பது உறுவது, வந்து தாக்குவது. "ஊறொரால் உற்றபின் ஒல்காமை" என்ற குறளில் வரும் ஊறு அதுதான். தணிப்புக்கும் குறளே சான்று: "அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்." குறைப்பு என்பது விலைக்கும் எடைக்கும் சொல்வது.

ஒன்றையும் மனம்விட்டுச் சொல்லவேண்டும். கள்ளுண்ணாமையை ஓர் அதிகாரமாகவே வைத்த மொழி இது. "துஞ்சினார் செத்தாரின் வேறல்லர் எஞ்ஞான்றும் நஞ்சுண்பார் கள்ளுண் பவர்" என்கிறார் வள்ளுவர். விடு என்று சொல்லாமல், எடுத்துக்கொள், ஆனால் சாகாமல் எடுத்துக்கொள் என்று சொல்லும் ஒரு கொள்கைக்குச் சொல் தேடுகிறோம். சொல் கிடைக்கலாம். மனம் இடறுகிறது.

சிவநேசன், ஸ்காபரோ

ஐயா, அதே குறளின் முதலடியை நான் பயிற்சியில் சொல்லப்போகிறேன்.

துஞ்சினார் செத்தாரின் வேறல்லர். இங்கே அது அப்படியே உடம்பில் நடக்கிறது. ஓபியாய்டு கூடிப்போனால் மூளை மூச்சு விட மறக்கும். பிள்ளை கட்டிலில் கிடக்கும், தொண்டையில் கொரகொரவென்று குறட்டை கேட்கும். தாய் எட்டிப் பார்ப்பா. "வேலையால வந்து களைச்சுப்போய் நித்திரை கொள்ளுறான்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவா. அந்தக் குறட்டை நித்திரை இல்லை, மூச்சுக்குழாய் அடைபடுகிற சத்தம். அந்த நேரம் உலுப்பி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எழும்பாவிட்டால் 911ஐ அழைத்து, மூக்கில் நலோக்சோனை அடித்து, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தால் பிள்ளை பிழைக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் எழும்பாவிட்டால் இரண்டாவதையும் அடிக்கவேண்டும். துஞ்சினவரையும் செத்தவரையும் வேறு வேறாக்குகிற மருந்து இது. விடு என்று சொல்வதற்கும் பிள்ளை முதலில் உயிரோடு இருக்கவேண்டும்.

துண்டறிக்கையில் இன்னொரு திருத்தம், வதனி. ஆங்கிலத்தில் உதடு நீலமாகும் என்றிருக்கிறது. எங்கள் நிறத்தில் நீலம் தெரியாது. உதடும் முரசும் (பல் ஈறும்) நகக்கண்ணும் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும் என்று எழுதுங்கோ. இதற்குச் சொல் தேடவேண்டாம், பார்த்தால் தெரியும்.

மரு. கவிதா, சென்னை

'தணிப்பு' வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நோய்த்தணிப்பு என்று புற்றுநோய் வலிக்கான பராமரிப்பைச் சொல்கிறோம். இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மோர்ஃபின் இருப்பு வைக்கவே மருத்துவமனைகள் அஞ்சின. 2014 திருத்தம் வந்தும் அந்த அச்சம் முழுதாகப் போகவில்லை. "மோர்ஃபின் கொடுத்தா அடிமையாயிடுவாரா?" என்று கேட்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இரண்டு துறைக்கும் ஒரே சொல் வந்தால் அந்தக் குழப்பம் கூடும்.

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் ஏறக்குறைய 2.26 கோடிப் பேர் ஏதாவது ஓர் ஓபியாய்டு எடுக்கிறார்கள். ஏறக்குறைய 77 லட்சம் பேருக்கு உதவி தேவை. விட்டுவிடு என்ற ஒற்றைச் சொல் இத்தனை பேருக்கும் போதாது. நாக்கின் கீழ் வைக்கும் மாற்று மருந்தான பியூப்ரினார்ஃபின், சுத்தமான ஊசி, நலோக்சோன் எல்லாம் சேர்ந்ததற்குத்தான் பெயர் தேடுகிறோம். 'தீங்குக் குறைப்பு' போதும். தீங்கை ஒழிப்பு என்று சொல்லாமல் குறைப்பு என்று சொல்வதுதான் இதன் நேர்மை.

இளங்கோ, கோவை

குறைப்புக்கு உடன்படுகிறேன். ஆள் + குறைப்பு ஆட்குறைப்பு ஆகிறது என்பதால் புணர்ச்சியும் உறுதி. ஒற்றோடு 'தீங்குக் குறைப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓவர்டோஸுக்கு 'மிகைநுகர்வு'?

சிவநேசன், ஸ்காபரோ

அதுவும் சரியில்லை, 'அளவு மீறல்' என்பதும் சரியில்லை. இரண்டும் எடுத்தவர்மேல் பழியைப் போடுகிறது. நேற்று எடுத்த அதே அளவைத்தான் இன்றும் எடுத்திருப்பார். உள்ளே என்ன கலந்திருந்தது என்று அவருக்குத் தெரியாது. சிறையிலிருந்தோ மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ வந்தவருக்கு உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும், பழைய அளவே ஆளைக் கொல்லும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இப்போது 'நச்சு மருந்து மரணம்' என்ற பொருளில்தான் எழுதுகிறார்கள்.

புலவர் மாணிக்கம், தஞ்சாவூர்

அப்படியானால் 'நஞ்சேற்றம்'. பாம்புக்கடிக்கு விடம் ஏறியது என்கிறோம், கடிபட்டவனைக் குறை சொல்வதில்லை.

வதனி, ஸ்காபரோ

நஞ்சேற்றம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நஞ்சு என்றதும் யாரோ விஷம் வைத்தார்கள், அல்லது பிள்ளை தானே குடித்தான் என்று அம்மாமார் நினைப்பார்கள். 911இல் பேசும்போது அவர்கள் சொல்லவேண்டிய சொல் ஓவர்டோஸ்தான். அதனால் அதையே வைக்கிறேன், பக்கத்தில் "மருந்து கூடி மூச்சு நிற்பது" என்று எழுதுகிறேன்.

முடிவாக: தீங்குக் குறைப்பு, ஓவர்டோஸ், ஓபியாய்டு, எடுப்பவர். நலோக்சோன் நலோக்சோனாகவே. மருந்தகத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தானே கேட்கவேண்டும். உதவிக்கு அழைத்தால் வைத்திருந்ததற்காகப் பொலிஸ் பிடிக்குமோ என்ற பயத்துக்கு கனடாவின் 2017 சட்டம் தரும் பாதுகாப்பைத் தனிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். இன்று இரவு அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

இளங்கோ, கோவை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஓபியாய்டுக்கும் ஓவர்டோஸுக்கும் என் மறுப்பைப் பதிவுசெய்து வையுங்கள். புலவர் ஐயாவின் நஞ்சேற்றத்தை அருஞ்சொற்பட்டியலில் சேர்க்கிறேன். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.

மரு. கவிதா, சென்னை

வதனி, துண்டறிக்கையின் கோப்பினை எனக்கும் அனுப்புங்கள். 911ஐ இங்குள்ள ஆம்புலன்ஸ் எண்ணான 108 ஆக்கி, குளிசையை மாத்திரை ஆக்கிக்கொள்கிறேன். நலோக்சோனை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் இங்கே இன்னும் பரவவில்லை. அதனால் மூச்சுக் கொடுக்கும் பகுதியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரவேண்டியிருக்கும்.