மறு: உடலுக்குள் இருப்பதும் ‘மின்பகுளி’தானா?

> எலக்ட்ரோலைட்டுக்குப் பாடநூலில் மின்பகுளி என்று நிலைத்துவிட்டது. மருத்துவத்துக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு ஐயா?

வணக்கம். வேதியியலில் அந்தச் சொல்லை அசைக்க வேண்டாம். உப்புக் கரைசலில் இரண்டு மின்வாய்களை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் பொருள் பகுபடுகிறது. 1834இல் ஃபாரடே எலக்ட்ரோலைட் என்ற பெயரை எழுதியபோது அவர் கண்முன் இருந்ததும் அந்தக் கரைசல்தான். ஆனால் பிரிவதற்கு மின்சாரமே வேண்டாம், தண்ணீரில் கரைந்ததுமே உப்பு அயனிகளாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாக, ஆகிவிடுகிறது என்று வேதியியலாளர் அரீனியஸ் 1880களில் காட்டிவிட்டார். ஆங்கிலம் பேசுகிறவர் காதில் ‘லைட்’டுக்குள் இருக்கும் ‘பிரிதல்’ என்ற கிரேக்க வேர் விழுவதில்லை. பழைய பெயரே ஓடுகிறது. தமிழிலோ ‘மின்’னும் ‘பகு’வும் பளிச்சென்று தெரிகின்றன. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தையின் தாயிடம் “மின்பகுளி குறைந்திருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள்.

இரத்தப் பரிசோதனை ஆய்வகத் தாளைப் பாருங்கள். எலக்ட்ரோலைட் என்ற தலைப்பின்கீழ் வழக்கமாக நான்கே வரிகள்: சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட். நான்குமே அயனிகள். அதனால்தான் போன மடலில் ‘உப்பயனி’ என்றேன்.

> உப்பயனி குறைவு என்றால் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வார்களே?

இது சரியான அடி. யோசித்தால் சிக்கல் நான் நினைத்ததைவிடப் பெரிது. இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். தாளில் 128 என்று வந்தால் உப்பு போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். பல நேரம் உண்மை வேறு: உப்பு அதே அளவில் இருக்கும், சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும். குழம்பில் தண்ணீர் கூடிப்போன கதை. அதற்கு மருந்து, தண்ணீரைக் குறைப்பதாகவும் இருக்கலாம். அந்த எண் சொல்வது செறிவை. உடலில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பதை அல்ல. ஆக ‘உப்பு’ ஒட்டு தவறான வழி காட்டுகிறது. உப்பயனியைத் திரும்பப் பெறுகிறேன்.

‘குருதியயனி’ என்று இன்னொருவர் சொன்னது காதுக்கு இனிமை. ஆனால் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 விழுக்காடு செல்களுக்குள்தான் கிடக்கிறது; இரத்தத்தில் நாம் அளப்பது வெளியே சிந்திய துளி. அப்புறம் 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு உடல்நீர் சுமார் 42 லிட்டர் என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள். குருதி என்று சொல்லிவிட்டால் பெரிய வீட்டை விட்டுத் திண்ணையை மட்டும் சொன்னதாகும். எனவே ‘உடலயனி’. எளிது, பன்மையும் இயல்பாக வருகிறது. ‘உடலயனிச் சமநிலை’ என்று தொடர்ந்து எழுதினாலும் நாக்கு தடுக்கவில்லை.

> அப்படியானால் ஃப்ளூயிட் பேலன்ஸ்? பாய்மச் சமநிலையா?

பாய்மம் வேண்டாம், இயற்பியலில் வளிமமும் (வாயுவும்) அதில் அடங்கும். உடலியல் நூலுக்கு ‘நீர்ச்சமநிலை’ போதும். வார்டில் செவிலியர் எழுதும் தாள் வேறு சங்கதி: குடித்தது, நரம்பில் ஏற்றியது ஒரு பக்கம்; சிறுநீர், வாந்தி, வடிகுழாயில் வந்தது மறுபக்கம். கடைசியில் கூட்டிக் கழித்து மிகை 400 மில்லிலிட்டர், குறை 250 மில்லிலிட்டர் என்று போடுவார்கள். அது பச்சையான வரவு செலவு. ‘நீர்க்கணக்கு’ என்றே எழுதலாம். மூச்சிலும் தோலிலும் போகும் நீரை அளக்க முடியாது. ‘கணக்கில் வராச் செலவு’ என்று அதற்கும் ஒரு சொல் அதே கையோடு கிடைத்துவிடுகிறது.