கழுவியும் இறங்காத அழுத்தம்: அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வு குறித்து உதவி தேவை

வணக்கம். திருச்சி அருகே காவிரி நீரைக் குடிநீராக்கும் சிறிய நிலையம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் ஆறு கலங்கியதிலிருந்து சவ்வுகள் (நுண்துளைகள் வழியே நீரை வடிகட்டுபவை) அடைத்துக்கொண்டே இருக்கின்றன. சவ்வின் இரு பக்க அழுத்த வேறுபாடு 0.3 பாரில் இருந்தது. ஆறு வாரத்தில் 1.1 ஆகிவிட்டது. உற்பத்தி பாதி. ஊருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர்.

சவ்வுகள் பி.வி.டி.எஃப். என்னும் பிளாஸ்டிக்கால் ஆன குழல் இழைகள், வெளியிலிருந்து உள்ளே நீர் வடியும் வகை. 8 அங்குல மாட்யூல்கள் (இழைக் கட்டு அடங்கிய உருளைகள்) 12. பொருத்தி மூன்று ஆண்டுகள். முன்னால் படிகாரத் தெளிவிப்பும் மணல் வடிகட்டியும் உண்டு. 30 நிமிடத்துக்கு ஒருமுறை காற்றுக் குமிழியோடு எதிர்த்திசையில் கழுவுகிறோம்.

காஸ்டிக் சோடாவுடன் 500 பிபிஎம் ஹைப்போகுளோரைட் கலந்து, பிஎச் 11இல் ஆறு மணி நேரம் ஊறவைத்தோம். நன்றாக அலசிய பிறகே (அலசாமல் அமிலம் விட்டால் குளோரின் வாயு கிளம்பும், அந்த வம்பு வேண்டாம்) 2 சதவீத சிட்ரிக் அமிலம் விட்டோம். அழுத்தம் 0.8க்கு இறங்கியது, நான்கே நாளில் பழையபடி ஏறிவிட்டது. காற்றழுத்தச் சோதனையில் இழை முறிவு எதுவும் தெரியவில்லை. ஒரு மாட்யூலைக் கழற்றிப் பார்த்தேன். இழைமேல் கரும்பழுப்புப் படிவு, தேய்த்தால் விரலில் மை போல ஒட்டுகிறது. மாங்கனீசு என்பது என் சந்தேகம். நாங்கள் விடும் ஹைப்போகுளோரைட்டே அதை ஆக்சிஜனேற்றம் செய்து சவ்வில் படியவைக்கிறது போலும். விற்ற நிறுவனமோ புது மாட்யூல் வாங்கச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டது.

இத்தகைய படிவை ஆக்சாலிக் அல்லது அஸ்கார்பிக் அமிலத்தால் நீக்கியவர்கள், எந்தச் செறிவில், எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள்?